அழுகைச் செவருக்கு ரெண்டு காது

எங்க ஊருச் செவரு அழ ஆரம்பிச்சது ஒரு பேங்க்காரியாலதான்.

பழைய மிஷன் ஆஸ்பத்திரிய இடிச்சுக்கிட்டு இருந்தாங்க, கல்யாண மண்டபம் கட்டணும்னு. ஓடு எறக்கியாச்சு, உத்தரம் எறக்கியாச்சு, ஜன்னல் நிலையெல்லாம் ஏலத்துல போயாச்சு, பிரசவ வார்டுக்கு நட்டநடுவுல நின்ன ஒத்தச் செவரு மட்டுந்தான் பாக்கி. இடிக்க வந்த கூட்டத்துல முத்துக்கனின்னு ஒருத்தன், எங்க ஊருக்காரந்தான், செவத்துல ஒரு கைய ஊனிக்கிட்டு மறு கையில போனை வச்சுக்கிட்டு நிக்கான். பேங்க் கார்டு தொலஞ்சு போச்சு. அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, ஐஸ்கிரீம்ல வழுக்கி விழுந்த மாதிரிக் குரல்ல, "சார், பாதுகாப்புக்காக ஒரே ஒரு கேள்வி சார், உங்க தாயார் பேரச் சொல்லுங்க சார்"ங்கா. இவன் "சுந்தரக்கனி"ன்னான்.

செவரு வீல்னு அழுதுச்சு.

பச்சப்புள்ள அழுகை. வெளிய வந்து விழுந்து, மொத மூச்ச இழுத்து, இந்த ஒலகத்தப் பாத்ததும் 'அட இதுக்கா வந்தோம்'னு அழுமே, அந்த அழுகை. மொதல்ல ஒண்ணு அழுதுச்சு, அது முத்துக்கனிக்கு அண்ணன். அடுத்தது அக்கா. கடைசியா ஒண்ணு கிழிஞ்ச பீப்பி மாதிரி அழுதுச்சு. செங்கல் சொமந்துக்கிட்டு இருந்த அவன் பெரியம்மா சட்டிய எறக்கி வச்சிட்டு, "ஏலே, இது நீதாம்லே, நீ விழுந்தப்ப இப்படித்தாம்லே கத்துன"ன்னா. முத்துக்கனி பதறல. போன்ல, "ஒரு நிமிசம் இருங்க மேடம், நான் பொறந்துக்கிட்டு இருக்கேன்"ன்னான்.

மேஸ்திரி கடப்பாரையக் கீழ போட்டாரு. பயந்து இல்ல, அழுவுற செவத்த இடிச்சா பிள்ளப்பாவம் புடிக்கும்னு. சபைக் கமிட்டி கூடிச்சு, மண்டபத்தக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கிடலாம்னு முடிவாச்சு, செவத்துக்கு மேல ஒரு தகரக் கொட்டகை போட்டு, கேட்டு வச்சுப் பூட்டுப் போட்டாங்க. அம்புட்டுத்தான். எங்க ஊரு சிலோவாம்புரத்துல ஆச்சரியம்லாம் மத்தியானச் சாப்பாடு வரைக்குந்தான். சாயங்காலமே டீக்கடைக்காரன் போர்டு மாத்திட்டான், 'மொத அழுகை டீ ஸ்டால்'னு. பஸ்ஸுல கண்டக்டர், "ஆஸ்பத்திரி ஸ்டாப்பு"ங்கத விட்டுட்டு "அழுகைச் செவரெல்லாம் முன்னால வா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சான்.

செவத்தோட வழக்கம் என்னன்னு போகப் போகப் புரிஞ்சுது. உள்ளங்கைய வச்சு, பெத்தவ பேரச் சொல்லணும். அந்த ஆஸ்பத்திரியில அவ பெத்த பிள்ளைக வரிசையா அழும். ஒரு பிள்ளை ஒரே ஒரு தடவதான் அழும். அதுக்கப்புறம் நீங்க தலகீழா நின்னு கூப்பிட்டாலும் செவரு வாயத் தொறக்காது. போன்ல புடிக்கலாம்னு பாத்தா, போட்டுக் கேக்கும்போது காக்கா கத்துத சத்தந்தான் இருக்கும்.

வெளியூருல இருந்தெல்லாம் ஆளு வர ஆரம்பிச்சுது. சிங்கப்பூரு, கனடா, லண்டனு, எங்கெங்கயோ போயி வாழுத எங்க ஊரு ரத்தமெல்லாம், சுருட்டுன சார்ட்டுல வம்ச மரம் வரைஞ்சு எடுத்துக்கிட்டு, தொப்பி போட்டுக்கிட்டு, தண்ணி பாட்டில மாருல அணைச்சுக்கிட்டு வந்து எறங்குச்சு. இதுக்கு முன்ன அவங்கெல்லாம் கோவிலுக்குப் போயி ஞானஸ்நானப் பதிவப் பாக்கணும்பாங்க. அதக் கரையான் எப்பவோ தின்னு தீத்துட்டு. எங்க பாட்டன் பூட்டன் பேரெல்லாம் கரையானுக்குத்தான் தெரியும், அதுகிட்ட கேட்டா சொல்லவா போவுது? இப்பச் செவரு இருக்கு. வந்தாங்க, கைய வச்சாங்க, பேரச் சொன்னாங்க, கேட்டாங்க, தரையில உக்காந்து அழுதாங்க.

அங்கதான் நான் வாறேன். ஆனந்தக் கண்ணீருல அழுதவன் எவனும் அழுகைய ஒழுங்காக் கேக்கல. மூக்கச் சிந்தி முடிக்கதுக்குள்ள அப்பா பொறந்து முடிச்சிட்டாரு. "ஐயோ, இன்னொருக்கா கேக்கணுமே"ம்பாங்க. செவரு தராது. நான் தருவேன். என் பேரு ஏசுவடியான். கோவில் அசன விருந்துல, கிறிஸ்மஸ் புரோகிராமுல, கல்யாண வீட்டுல, பிஷப்புல இருந்து பிரியாணி அண்டா உருளுத சத்தம் வரைக்கும் எது வேணும்னாலும் தொண்டையில எடுத்துக் குடுக்கவன். ஒரு தடவ கேட்டாப் போதும், அழுகையோட இழுப்பு, நடுவுல வார அந்தச் சின்ன விக்கல், மூச்சு திணறி மறுபடி புடிக்கத எடம், எல்லாம் உள்ள போயி உக்காந்துக்கிடும். கமிட்டி என்னயச் செவத்துக்குக் காதா வச்சுது.

ஒரு காதுன்னா பரவாயில்ல. ரெண்டு காது வச்சாங்க. அதுதான் வெனை.

அதுக்கு நீங்க அந்தச் செவத்தப் பத்தித் தெரிஞ்சுக்கிடணும். ஆஸ்பத்திரி கட்டுன வெள்ளக்கார டாக்டரம்மா, ஹாரியட் அம்மான்னு பேரு, ஒரே கூடமாத்தான் கட்டுனா. கட்டில் போட்டா, வெள்ளத்துணி விரிச்சா, வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னா. எங்க ஊரு வடபக்கத்துப் பொம்பளைக இடுப்பப் புடிச்சுக்கிட்டு வந்து எட்டிப் பாத்தாங்க. தென்பக்கத்துக்காரி ஒருத்தி கட்டில்ல கெடந்தா. அம்புட்டுத்தான், வலிய அடக்கிக்கிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாங்க. வீட்டுல போயி சில பேரு செத்தும் போனாங்க. செத்தாலும் அவ படுத்த எடத்துல படுக்கமாட்டோம்னாங்க. அந்த அம்மா என்ன செய்வா? சுவிசேஷம் சொல்ல வந்தவ, கொத்தனாரக் கூப்பிட்டா. கூடத்துக்கு நடுவுல செவரு வச்சா. முன்னால தாழ்வாரத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வாசல் வச்சா. வடவாசல் அவங்களுக்கு, தென்வாசல் எங்களுக்கு.

கோவிலும் அப்படித்தான். கவட்டை மாதிரி ரெண்டு காலு, பலிபீடத்துல போயிச் சேரும். வடகாலுல அவங்க, தென்காலுல நாங்க, ஒருத்தர் மொகம் ஒருத்தருக்குத் தெரியாது. ஐயருக்கு மட்டுந்தான், போதகர எங்க பக்கம் ஐயருன்னுதான் சொல்லுவோம், அவருக்கு மட்டுந்தான் ரெண்டு காலும் தெரியும். கல்லறைத் தோட்டத்துலயும் நடுவுல செவரு. பொறக்க ஒரு செவரு, கும்பிட ஒரு செவரு, பொதைக்க ஒரு செவரு. எங்க ஊருக் கொத்தனாரு எவனும் எந்தக் காலத்துலயும் பட்டினி கெடந்ததில்ல, பாத்துக்கிடுங்க.

அதனால கமிட்டி என்ன கேட்டுச்சு தெரியுமா? செவரு அழுவுது, சந்தோசம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ஆனா எந்தப் பக்கத்து மொகம் அழுவுது? வடபக்கம் ஒரு காது, தென்பக்கம் ஒரு காது நிக்கட்டும். சத்தம் எந்தப் பக்கம் வருதோ அந்தக் காது 'இங்க'ன்னு சொல்லட்டும். தென்காது நானு. வடகாது தேவசிகாமணி சார்வாள். பாட்டு வாத்தியாரா இருந்து ரிட்டையரானவரு, கோவில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவரு. ஊருல எந்த வீட்டுல டம்ளர் விழுந்தாலும் அது என்ன சுதின்னு சொல்லுவாரு. நல்ல மனுசன். என்னய "அடியான்"னு வாய் நெறையக் கூப்பிடுவாரு, டீயக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு குடிப்பாரு.

வடபக்கத்து அழுகையத் திருப்பிச் செய்யவும் நான்தான் போகணும், அந்தப் பக்கம் எவனுக்கும் தொண்ட இல்ல. அவங்க அப்பன் பாட்டன் அழுகை என் வாயில வரலாமான்னு ஒரு கொழப்பம் வந்துது. கமிட்டி அதயும் தீத்து வச்சுது. ஒரு செம்புல தண்ணி வச்சாங்க. நான் வாயக் கொப்புளிச்சுத் துப்பிட்டு அந்தப் பக்கம் போயி அழணும். அழுதேன். பண்ணையாருக்கு அழுதேன், நாட்டாமைக்கு அழுதேன், கலெக்டராகிப் போனவருக்கும் கொப்புளிச்சிட்டுத்தான் அழுதேன். எல்லாப் பயலும் ஒண்ணு போலத்தான் பொறந்திருக்கான், அத யாருகிட்ட சொல்ல?

கல்யாணத் தரகனுக ஜாதகத்த விட்டுட்டானுக. "மாப்ள டிகிரி இருக்கட்டும் அண்ணாச்சி, அழுகை எந்தப் பக்கம்?" வடபக்கத்துல ஜவுளிக்கடை வச்சிருந்த ரத்தினபாண்டி, பரம்பரைப் பெருமை பேசுத ஆளு, சொந்தக்காரங்களயெல்லாம் வேன்ல கூட்டிட்டு வந்து கைய வச்சாரு. சார்வாள் அந்தப் பக்கம் காதக் குடுத்து நிக்காரு. எம்பக்கம் செவரு கணீர்னு அழுதுச்சு. நான் என்ன செய்ய? 'இங்க'ன்னேன். வேனு காலியாத் திரும்பிப் போச்சு. அடுத்த வாரம் கடைக்குப் பூட்டு. இப்பத் திருப்பூருல இருக்காருன்னு சொல்லுதாங்க. அழுகைய நான் இன்னும் வச்சிருக்கேன். வந்து கேட்டா அருமையாச் செஞ்சு காட்டுவேன். வரமாட்டாரு.

இப்படி இருக்கையிலதான் ஹெப்சிபா வந்தா.

மலேசியாவுல ஈப்போவுல இருந்து வந்திருந்தா. நர்சா வேல பாத்து ஓய்வு எடுத்தவ. கத்தரிச்ச முடி, சாயம் போடல. தோள்ல ஒரு பை, அதுக்குள்ள துண்டுல சுத்தி, மூடி போட்ட ஒரு பீங்கான் ஜாடி.

"அண்ணே, மூணு ஆஸ்பத்திரி பாத்துட்டேன்"னா. "மிஷன்காரங்க கட்டுனதுன்னு எங்க சொன்னாலும் போயிட்டேன். ஒண்ணு பாலிடெக்னிக் ஆயிருச்சு. ஒண்ணு குடோன். இன்னொண்ணுல டைல்ஸ் விக்கிறாங்க. கோயில்ல போய்க் கேட்டா, பழசப் பத்திப் பேச மாட்டேங்குறாங்க, புது முகப்பக் காட்டி போட்டோ எடுத்துக்கங்கன்றாங்க. ரெண்டு வாசல் ஆஸ்பத்திரி, ரெண்டு காலு கோயில், அவ்வளவுதான் எங்கப்பாவுக்குத் தெரியும். அதச் சொன்னா எல்லாருக்கும் சிரிப்பு."

"அப்பா எங்கம்மா?"

ஜாடியத் தொட்டுக் காட்டுனா.

கதை இதுதான். அவ அப்பா பொறந்த அன்னைக்கே பெத்தவ செத்துட்டா. ஊழியம் செய்யப் பினாங்குக்குப் போன ஒரு பைபிள் அம்மா, கைப்பிள்ளைய எடுத்துக்கிட்டுக் கப்பல் ஏறிட்டா. வளத்தவ சாகும்போது சொன்னது பெத்தவ பேரு மட்டுந்தான், ஞானப்பூ. மனுசன் ரப்பர் எஸ்டேட்டுல வளந்து, லாரி ஓட்டி, மகள நர்சாக்கி, கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்காரு. 'என்னய அம்மா காலடியில கொண்டு வச்சிரு.' எரிச்ச சாம்பல ஜாடியில போட்டு மக கடலத் தாண்டிக் கொண்டாந்துட்டா.

"எந்தக் கல்லறைன்னு தெரியணும்ணே. வச்சிட்டுப் போயிருவேன். அவ்வளவுதான்."

எந்தக் கல்லறைன்னா மொதல்ல எந்தப் பக்கம்னு தெரியணும். கொட்டகைக்குள்ள நாங்க மூணு பேருதான். சார்வாள் வடபக்கம் போயி நின்னாரு, நான் தென்பக்கம். தாழ்வாரத்துப் பக்கம் செவரு முடியுத முனை இருக்குல்லா, ரெண்டு வாசலுக்கும் நடுவுல, அங்க நின்னு அவ கைய வச்சா. "ஞானப்பூ"ன்னா. பேரச் சொல்லும்போது குரல் மரியாதைக்கு ஒரு படி கீழ எறங்குச்சு.

செவரு உடனே அழல. எப்பவும் உடனே அழும். நான் காத அழுத்தி வச்சேன். மொதல்ல மூச்சு வந்துது. பெரிய ஆளு மூச்சு. பொம்பள மூச்சு.

"தாயி... உள்ள விடுங்க தாயி. ஓரமாக் கெடக்கேன். கட்டில் வேண்டாம் தாயி, தரையிலயே கெடக்கேன்."

கதவப் பிராண்டுத சத்தம். மொதல்ல வடகதவு. பொறவு தரையில ஒடம்ப இழுக்க சத்தம். பொறவு தென்கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால யாரோ ரெண்டு பொம்பளைக கிசுகிசுன்னு பேசுதாக, ஆனா தாழ்ப்பாள் சத்தம் வரல. மறுபடியும், "தாயி..." அப்புறம் வார்த்த இல்ல. அப்புறம் அழுகை. நான் கேட்டதுலயே சின்ன அழுகை, சத்தம் போட்டா யாராவது வைவாங்களோன்னு பயந்த மாதிரி.

நான் "இங்க"ன்னேன். அதே மூச்சுல அந்தப் பக்கம் சார்வாளும் "இங்க"ன்னாரு.

அதுவரைக்கும் அப்படி நடந்ததில்ல. சார்வாள் செவத்தச் சுத்தி வந்தாரு, நானும் போனேன். முனையில மோதிக்கிட்டோம். சத்தம் முனையில இருந்துதான் வந்திருக்கு. ஞானப்பூ உள்ள பெறல. எந்த மொகத்துலயும் பெறல. ரெண்டு வாசலுக்கும் நடுவுல, தாழ்வாரத் தரையில, செவத்து முனையில தலையச் சாச்சுக்கிட்டுப் பெத்திருக்கா.

ஹெப்சிபா கைய எடுக்கல. "அண்ணே, ஒரு பொம்பள பேசுனாங்களே, அது எனக்கு மட்டும் கேட்டுச்சா?"

"இல்லம்மா. கேட்டுச்சு."

"சார், உங்களுக்கு?"

சார்வாள் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. தொடச்சுக்கிட்டே இருந்தாரு. "கமிட்டியில சொல்லுவோம்மா"ன்னாரு.

கமிட்டி சாயங்காலமே கூடிச்சு. தலைவரு ராஜரத்தினம் ஐயா. தொண்டைக்குள்ள ஒரு உருண்டை வெல்லத்த வச்சுக்கிட்டுப் பேசுத மாதிரிப் பேசுவாரு, அதட்டுனாக்கூட இனிப்பா இருக்கும். நான் நடந்ததச் சொன்னேன். அந்தக் குரலயும் செய்யப் போனேன். ஐயா கையக் காட்டி நிப்பாட்டுனாரு.

"பொறு. சார்வாள், நீங்க சொல்லுங்க. என்ன கேட்டுது?"

சார்வாள் தரையப் பாத்தாரு. "அழுகை கேட்டுது."

"வேற?"

"அழுகை மட்டுந்தான் கேட்டுது."

ஹெப்சிபா அவரத் திரும்பிப் பாத்தா. வாழ்நாள்ல ஒரு சுதி தப்பாத அந்த மனுசன், அன்னைக்குத்தான் மொத தடவ தப்பிப் பாடி நான் கேட்டேன்.

"கல்லறை எங்கன்னு மட்டும் சொல்லுங்கய்யா, போதும்"னா ஹெப்சிபா.

ராஜரத்தினம் ஐயா சிரிச்சாரு. "அது தெரியாமலாம்மா? ஊருப் பெரியவங்க அறிஞ்சதுதான். அந்தப் புள்ள எங்க வடபக்கம். தென்பக்கத்துப் பையன்கூடக் கோவில்ல போயி நின்னுட்டுது. வெள்ளக்கார ஐயரு கட்டி வச்சிட்டாரு. அந்தப் பய கொழும்புக்கு வேலைக்குப் போயி, போனவன் போனவந்தான். இது எந்தக் காலுல உக்காரதுன்னு தெரியாம வாசல்லயே நின்னு ஜெபம் பண்ணும்பாங்க. பிரசவத்தன்னைக்கு டாக்டரம்மா ஊருல இல்ல, வெயிலுக்கு மலைக்குப் போயிருந்தா. எங்க பக்கம் தொறக்கல. இவன் பக்கம்," என்னயக் காட்டுறாரு, "தொறந்தா எங்க ஆளுக என்ன செய்வாங்களோன்னு பயந்துட்டாங்க. யாரயும் குத்தம் சொல்ல முடியாதும்மா. அது அந்தக் காலம்."

"கல்லறை?"

"அதத்தான் சொல்ல வாறேன். வடபக்கம் கொண்டு போனா வடபக்கம் விடல. தென்பக்கம் கொண்டு போனா தென்பக்கம் விடல. பொணம் வெயில்ல கெடக்கு. கடைசியில எங்க தாத்தா தலமையில ரெண்டு பக்கமும் ஒக்காந்து பேசி, ஒருத்தருக்கும் மனத்தாங்கல் இல்லாம, கல்லறைத் தோட்டத்துச் செவத்துல கொஞ்சத்தப் பிரிச்சு, அடியில பொதைச்சு, மேல கட்டிட்டாங்க. ரெண்டு பக்கத்துக் கொத்தனாரும் சேந்து கட்டுனது. ஒத்துமைன்னா அது ஒத்துமைம்மா."

அந்தச் செவத்துல ஒரு எடம் வீங்கி இருக்கும், பாம்பு எலிய முழுங்குன மாதிரி. கட்டுனவன் குடிச்சிட்டுக் கட்டுனான்னு சொல்லித்தான் எங்கள வளத்தாங்க. சின்னப்புள்ளையில அதுல ஏறி ஒக்காந்து குதிரை ஓட்டியிருக்கோம்.

"அந்த எடத்துல மட்டும் பிரிச்சு அப்பாவ வச்சிட்டு, திரும்பக் கட்டிரலாமே ஐயா. செலவு நான் பாத்துக்கிறேன்."

"செலவு பெரிசில்லம்மா. இன்னைக்கு உனக்குப் பிரிப்போம். நாளைக்கு ஒருத்தன் வந்து இது என்ன, வாசல் மாதிரி இருக்கே, இப்படியே வச்சிக்கிடுவோமேம்பான். செவத்தத் தொடக் கூடாது. ஆனா உன்னய வெறுங்கையோட அனுப்ப மாட்டோம். செவத்து மேல ஒரு கல்லு வச்சு உங்கப்பா பேரு வெட்டிருவோம். ரெண்டு பக்கத்துல இருந்தும் பாக்கலாம்."

தென்பக்கத்து மெம்பர்களப் பாத்தேன். எங்க ஆளுகதான். ஒருத்தன் காது கொடஞ்சான். ஒருத்தன், "ஐயா சொல்லுததும் நாயந்தான்"னான். எழுந்திரிக்கும்போது தலைவரு எங்கிட்ட வெல்லக்கட்டியா வந்தாரு. "அடியான், அழுகைய மட்டும் செய்யி. அதுதான் செவரு சொன்னது. மத்தது உன் மிமிக்ரி."

ஞாயித்துக்கிழம ஹெப்சிபா கோவிலுக்கு வந்தா. மணியடிக்க கோவில்குட்டி அவள எந்தக் காலுல ஒக்கார வைக்கதுன்னு தெரியாம முழிச்சான். கடைசியில வெளிய முகப்புல, ரெண்டு காலுக்கும் வெளிய, ஒரு பிளாஸ்டிக் சேரு போட்டான். ஜாடிய மடியில வச்சுக்கிட்டு அங்க ஒக்காந்தா.

எங்க கோவில்ல பிரசங்கத்துக்கு முன்ன சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் செஞ்ச நன்மைய யாரு வேணும்னாலும் பலிபீடத்துக்கு முன்னால வந்து சொல்லலாம். ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சது, பையனுக்கு விசா கெடச்சது, இதெல்லாம். அந்த எடத்துல நின்னாத்தான் ரெண்டு காலும் தெரியும். நான் எந்திரிச்சுப் போனேன். தென்காலுல சிரிப்பு கெளம்பிட்டு, ஏதோ பண்ணப் போறான்னு. வடகாலுல தலைவரு மொத பெஞ்சுல. சார்வாள் பாடகர் குழுவோட. நான் வாயத் தொறக்கல. நின்னேன். எங்க ஊருல ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு நடுவுல கரண்டு போகும், போனா பேன் நிக்கும், கீபோர்டு நிக்கும், ஜெனரேட்டர் புடிக்கதுக்கு முன்ன ஒரு மௌனம் விழும். ஐயரு "சொல்லுங்க ஏசுவடியான்"னாரு. நான் நின்னேன். பிள்ளைக நெளிஞ்சுது. நின்னேன். கரண்டு போச்சு.

"தாயி..."ன்னேன்.

வேற ஒண்ணும் நான் சேக்கல. செவரு சொன்னத அப்படியே சொன்னேன். வடகாலப் பாத்து, "உள்ள விடுங்க தாயி." ஒடம்ப இழுத்துத் திரும்பித் தென்காலப் பாத்து, "ஓரமாக் கெடக்கேன். கட்டில் வேண்டாம் தாயி, தரையிலயே கெடக்கேன்." நகத்தால பலிபீடத்துப் பலகையப் பிராண்டுனேன். அப்புறம் அந்த அழுகை. பயந்த அழுகை.

வடகாலுல பாடகர் குழுவுல யாரோ விசும்புனாங்க. மேல்சுதியில ஆரம்பிச்சு ஒவ்வொரு படியாக் கீழ எறங்குன விசும்பல், ஒரு சுரம் தப்பல. ஆளு யாருன்னு எனக்குத் தெரியும்.

ஜெனரேட்டர் புடிச்சுது. பேன் சுத்துச்சு. யாரோ ஒருத்தன் கை தட்டுனான். அப்புறம் எல்லாரும் தட்டுனாங்க. வடகாலும் தட்டுச்சு, தென்காலும் தட்டுச்சு. ஐயரு கண்ணத் தொடச்சிக்கிட்டு, "சகோதரனுக்குக் கர்த்தர் குடுத்த தாலந்துக்காக ஸ்தோத்திரம்"னாரு. ஆராதன முடிஞ்சு வெளிய வந்தா எங்க ஆளுகளே மொதுகுல தட்டி, "ஏல, என்ன தத்ரூபம்லே, மயிரெல்லாம் சிலுத்துட்டு"ங்கான். ராஜரத்தினம் ஐயா சம்சாரம் கேட்டு வரைக்கும் வந்து, "கிறிஸ்மஸ் புரோகிராமுல இத வச்சிருங்க அடியான், மாட்டுத்தொழுவ சீனுக்கு முன்னால வச்சா நல்லா எடுக்கும்"னாங்க. சார்வாள் உள்ள அடுத்த வாரத்துப் பாட்டுக்குச் சுதி குடுத்துக்கிட்டு இருந்தாரு.

முகப்புல சேரு காலியா இருந்துது.

கல்லறைத் தோட்டத்துக்கு ஓடுனேன். ஹெப்சிபா செவத்தோட வீக்கத்துக்கிட்ட முட்டிபோட்டு ஒக்காந்திருந்தா. அடியில பெருச்சாளி பறிச்ச ஒரு பொந்து. அதுக்குள்ள கைய விட்டு, தோள் வரைக்கும் விட்டு, மண்ண அள்ளிக்கிட்டு இருந்தா. கறுப்பு மண்ணு, ஈரமா. எங்க ஊரு மண்ணு சிவப்பு, அடியில அப்படிக் கறுப்பா இருக்கும்னு எனக்கே தெரியாது. ஜாடியத் தொறந்து சாம்பலுக்கு மேல போட்டா.

"அப்பாவத்தான அம்மாகிட்ட வைக்க விடல"ன்னா. "அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்."

"அவங்க கல்லு வைக்கேன்னு சொன்னாங்களே தங்கச்சி."

"இன்னொரு கல்லா அண்ணே? வேணாம்."

ஜாடிய மூடி, துண்டுல சுத்துனா. ஆராதன முடிஞ்சு, பூ வைக்க வந்த கூட்டம் ரெண்டு பக்கத்துலயும் வந்துக்கிட்டு இருந்துது. செவத்துக்கு மேல ரெண்டு பக்கமும் தலைக மொளச்சுது. "யாரும்மா அது, அடியில மண்ணெடுக்காதீங்க, செவரு வலு கொறஞ்சிரும்"னு வடபக்கத்துல இருந்து ஒரு குரல். "ஆமாக்கா, சரிஞ்சிரும்"னு தென்பக்கத்துல இருந்து ஒரு குரல். அவ மொழங்கை மண்ணத் தட்டக்கூட இல்லாம நடந்தா. பஸ்ஸு ஏறும்போது நான் கேட்டேன், அப்பா அழுகைய ஒருக்கா செஞ்சு காட்டவான்னு. "அவர் நெறைய அழுதுட்டாருண்ணே"ன்னா. கண்டக்டர் விசிலடிச்சான்.

மறுநாள் காலையில கல்லறைத் தோட்டத்துல கூட்டம். கமிட்டி சொல்லி, வடபக்கத்துல இருந்து ஒரு கொத்தனாரு வந்திருந்தாரு, தென்பக்கத்துல இருந்து ஒரு கொத்தனாரு வந்திருந்தாரு. ஒருத்தரு சிமெண்ட் கொழைச்சாரு, ஒருத்தரு கல்லத் திணிச்சாரு. ஒரு கை நுழையுத பொந்துதான், ஆனா ரெண்டு பக்கத்து ஆளுகளும் நின்னு, இங்க கொஞ்சம் போடு, அங்க கொஞ்சம் அழுத்துன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு, ஒரே செம்புத் தண்ணிய வாங்கி ஊத்தி, ரொம்ப அக்கறையாப் பூசுனாங்க. இந்த ஊருல ரெண்டு பக்கமும் சேந்து நின்னு செஞ்சது ரெண்டே வேலைதான். ரெண்டும் அந்தப் பொம்பள மேல பூசுனது.

பூசி முடிச்சு, கரண்டியால ஒருக்கா வழிச்சுவிட்டு, "இனி எதுவும் வெளிய வராது"ன்னாரு கொத்தனாரு. எந்தப் பக்கத்துக் கொத்தனாருன்னு கேக்காதீங்க.